மயக்கத்துல இருக்கறவங்களுக்கு மாஸ்க் வழியா மூச்சு குடுக்க எந்த கருவி நல்லது?

அனஸ்தீசியா டெக்னாலஜி படிக்கிற ஒருத்தர் கேட்டிருக்கற கேள்வி இது. மயக்க மருந்து குடுத்தாச்சு, பேஷன்ட் தானா மூச்சு விடல, மூச்சுக்குழாய்ல ட்யூப் போடற வரைக்கும் மாஸ்க் வச்சு மூச்சு குடுக்கணும், அப்ப ஆம்பு பேக் (கையால அழுத்தற, தானா விரியற பை) பெட்டரா, மயக்க மெஷினோட சர்க்யூட்ல (மெஷினையும் மாஸ்க்கையும் இணைக்கற குழாய்கள்ல) தொங்குற பேக் பெட்டரா, இல்ல வென்டிலேட்டரையே ஓட விடலாமா, மாஸ்க்ல எந்த வகை நல்லது.

தியேட்டர்ல பிளான் பண்ணி செய்யற பெரியவங்க கேஸ்னா என் பதில்: டிரான்ஸ்பரென்ட் மாஸ்க், மெஷினோட சர்க்கிள் சர்க்யூட், கேப்னோகிராஃப் (வெளிய விடற மூச்சுல இருக்கற கார்பன் டை ஆக்சைட அலையா காட்டற மானிட்டர்) ஓடிக்கிட்டு இருக்கணும், ஆம்பு பேக் கை எட்டற தூரத்துல ரெடியா இருக்கணும். கஷ்டமான முகம்னு தெரிஞ்சா பேக்க விட்டுட்டு வென்டிலேட்டர பிரஷர் மோடுல போட்டு ரெண்டு கையையும் மாஸ்க்குக்கு குடுத்துடுங்க. நிறைய பேர் எந்த பேக் நல்லா காத்து தள்ளுதுன்னுதான் பாக்கறாங்க, ஆனா மாஸ்க் வென்டிலேஷன் ஃபெயில் ஆகறதுக்கு காரணம் பெரும்பாலும் பேக் இல்ல. முகத்துல சீல் சரியில்லாம காத்து கசியும், இல்லன்னா தொண்டைல வழி மூடியிருக்கும். ரெண்டையும் சரி பண்றது கைதான், அதனால எது உங்க கைய விடுவிக்குதோ அதுக்குத்தான் நான் மார்க் குடுப்பேன்.

மயக்கம் வந்ததும் தொண்டை தசையெல்லாம் தளர்ந்துடும். நாக்கு பின்னாடி சாயும், சாஃப்ட் பேலட் (மேலண்ணத்தோட பின்பக்க மெத்து சதை) தொண்டையோட பின்சுவர்ல ஒட்டிக்கும், எபிகிளாட்டிஸ் (குரல்வளை மூடி) கீழ இறங்கி மூடிக்கும். இதுல சாஃப்ட் பேலட் பண்ற வேலைய பல பேர் கவனிக்கறதே இல்ல. நீங்க அழுத்தும்போது காத்து மூக்கு வழியா உள்ள போயிடும், ஆனா வெளிய வரும்போது வாய் மூடியிருந்தா பேலட் ஒரு வால்வு மாதிரி அடைச்சுக்கும். நெஞ்சு மேல எழும்பும், இறங்காது, கேப்னோகிராஃப்ல கோடு சரியா வராது, அத பாத்து பதட்டப்பட்டு இன்னும் வேகமா அழுத்துனா நிலைமை மோசமாத்தான் ஆகும். அந்த நேரத்துல மாஸ்க்குக்கு அடியில வாய கொஞ்சம் திறந்து வைங்க, ஒரு குடெல் ஏர்வே (நாக்கு பின்னாடி சாயாம வாயில வைக்கற வளைஞ்ச குழாய்) போடுங்க, பாதி பிரச்சனை அங்கயே தீரும். கருவி மாத்தறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இது.

இப்ப ஆம்பு பேக். 1956-ல டென்மார்க்ல ஹோல்கர் ஹெஸ்ஸே, ஹென்னிங் ரூபன் ரெண்டு பேரும் கொண்டு வந்தது. அழுத்திட்டு விட்டா தானா விரியும், அதனால சிலிண்டர் காலியானாலும், பைப்லைன் போனாலும், கரண்ட் போனாலும், வெளிக்காத்த இழுத்தாவது மூச்சு குடுக்கும். இந்த ஒரு குணத்துக்காகவே மெஷின் எவ்வளவு புதுசா இருந்தாலும் ஒவ்வொரு தியேட்டர்லயும் ஒண்ணு இருந்தே ஆகணும், மெஷின் செக் லிஸ்ட்லயும் ஆல்டர்நேட்டிவ் வென்டிலேஷனுக்கு இது இருக்கான்னு பாக்கச் சொல்றது அதனாலதான். பெரியவங்க பேக் சுமாரா 1.5 லிட்டர் பிடிக்கும், குழந்தைங்களோடது 500 மில்லி அளவுல, பச்சக்குழந்தைக்கு 250 மில்லி அளவுல வரும். ரிசர்வாயர் (ஆக்சிஜன சேத்து வைக்கற பை) மாட்டி நிமிஷத்துக்கு 10-15 லிட்டர் ஆக்சிஜன் விட்டா 90 பர்சென்ட்டுக்கு மேல ஆக்சிஜன் கிடைக்கும், ரிசர்வாயர் இல்லன்னா அது 40-60 பர்சென்ட்டுக்கு இறங்கிடும்.

ஆனா மயக்கம் குடுக்கற இடத்துல ஆம்புவ முதல் சாய்ஸா வைக்க எனக்கு மனசு வராது. முதல் காரணம், மாஸ்க்ல கசிவு இருந்தா அது உங்ககிட்ட சொல்லாது. சீல் பாதி இருந்தாலும் பேக் தானா விரிஞ்சு ரெடியா நிக்கும், நீங்க நல்லா குடுக்கறோம்னு நினைச்சுக்கிட்டே அழுத்திக்கிட்டு இருப்பீங்க. ரெண்டாவது, பேக் சுவர் விறைப்பா இருக்கறதால நுரையீரல் எவ்வளவு எதிர்க்குதுன்னு கைக்கு தெரியறது ரொம்ப குறைவு. மூணாவது, பேஷன்ட் தானா மூச்சு விடும்போது ப்ரீஆக்சிஜனேஷனுக்கு (மயக்கத்துக்கு முன்னாடி நுரையீரல ஆக்சிஜனால நிரப்பறதுக்கு) இத சும்மா முகத்துல பிடிச்சா எல்லா மாடல்லயும் ஆக்சிஜன் வந்துடாது, சிலதுல மூச்ச வெளிய விடற வாசல் வழியாவே வெளிக்காத்து உள்ள நுழையும், சிலதுல அழுத்தினாத்தான் வால்வு திறக்கும். நாலாவது, வேகம். பதட்டத்துல ஆம்பு கைல கிடைச்சா எல்லாருமே வேகமா, பெருசா அழுத்திடுவாங்க. 60 கிலோ ஆளுக்கு கிலோவுக்கு 6-8 மில்லின்னு பாத்தா 360-லேர்ந்து 480 மில்லி போதும், பேக் பிடிக்கறதோ அதுக்கு மூணு நாலு மடங்கு. ஒரு செகண்ட் எடுத்து மெதுவா ஒரு கையால அழுத்தி, நெஞ்சு லேசா எழும்பறத பாத்து விடுங்க, நிமிஷத்துக்கு 10-12 தடவை தாராளம். அதிகமா போற காத்து வயித்துக்குள்ளதான் போகும்.

மெஷின் சர்க்யூட்ல இருக்கற ரிசர்வாயர் பேக் வேற சுபாவம். அது தானா விரியாது, ஃப்ரெஷ் கேஸ் வந்தாத்தான் நிரம்பும், சீல் உடைஞ்சா சுருங்கிடும். புதுசா கத்துக்கறவங்களுக்கு இது எரிச்சலா இருக்கும், பேக் நிரம்பவே மாட்டேங்குதுன்னு ஆக்சிஜன் ஃப்ளஷ் பட்டன அமுக்கிக்கிட்டே இருப்பாங்க, ஆனா இதுதான் இந்த பேக்கோட பெரிய பலம், கசிவு வந்த அடுத்த நிமிஷமே கைக்கு தெரிஞ்சிடும். ஃப்ளஷ் பட்டன் நிமிஷத்துக்கு 35-லேர்ந்து 75 லிட்டர் வேகத்துல தள்ளும், அதுவும் வேப்பரைசர (மயக்க வாயு கலக்கற பாகத்த) தொடாம வர்ற வெறும் ஆக்சிஜன், அதனால அத நம்பியே ஓட்டினா மயக்க வாயு நீர்த்துப் போயிடும். ஃப்ளஷ் தேவைப்பட்டுக்கிட்டே இருந்தா சீல்ல கோளாறு இருக்குன்னு எடுத்துக்கங்க, பட்டன்ல கைய வைக்காம முகத்துக்கு வாங்க.

இன்னொரு நல்ல விஷயம் இந்த பேக்கோட ரப்பர். ஏபிஎல் வால்வு (சர்க்யூட்ல அதிகமாகற அழுத்தத்த வெளிய விடற வால்வு) தவறி மூடியிருந்து பேக் பலூன் மாதிரி ஊதினாலும் அழுத்தம் ஒரு அளவுக்கு மேல ஏறாம ரப்பர் விரிஞ்சு குடுத்துடும், பெரியவங்க பேக்ல 60 சென்டிமீட்டர் வாட்டர தாண்டக்கூடாதுன்னுதான் தரநிலை. அதுக்காக ஏபிஎல்ல மறந்துடலாம்னு அர்த்தம் இல்ல, 60-ங்கறதே வயித்த ஊத வைக்க ரொம்ப அதிகம். பேக் சைஸ் பெரியவங்களுக்கு வழக்கமா 2 லிட்டர். இந்த சர்க்யூட்லதான் ப்ரீஆக்சிஜனேஷனும் ஒழுங்கா நடக்கும், ஃப்ளோவ 10 லிட்டருக்கு ஏத்தி, மாஸ்க்க இறுக்கி பிடிச்சு, 3 நிமிஷம் நார்மல் மூச்சு, எண்ட் டைடல் ஆக்சிஜன் (வெளிய விடற மூச்சோட முடிவுல இருக்கற ஆக்சிஜன்) 90 பர்சென்ட்ட தொடுதான்னு மானிட்டர்ல பாருங்க. அப்படி நிரப்பின ஆரோக்கியமான பெரியவருக்கு மூச்சு நின்னாலும் சாச்சுரேஷன் (ரத்தத்துல இருக்கற ஆக்சிஜன் அளவு) 90-க்கு இறங்க சுமார் 8 நிமிஷம் ஆகலாம், ரொம்ப பருமனான ஆளுக்கு அது 3 நிமிஷத்துக்கும் கீழ வந்துடும். இந்த நேரம்தான் நமக்கு கையிருப்பு, அப்பறம் எந்த கருவிய எடுத்தாலும் அதுக்குள்ளதான் வேலைய முடிக்கணும்.

பேக்க பிடிச்சாலே நுரையீரல் தெரியும்னு சீனியர்கள் சொல்லுவாங்க, கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா அந்த உணர்ச்சிய மட்டும் நம்பறது ஆபத்து. காத்து வயித்துக்கு போகும்போதும் பேக் சுகமாத்தான் காலியாகும். கேப்னோகிராஃப்ல ஒவ்வொரு மூச்சுக்கும் தட்டையான மேல்பகுதியோட ஒரு அலை வந்தா போதும், நெஞ்சு எழும்பறதும் மாஸ்க்ல ஆவி படியறதும் அதுக்கு துணை சாட்சி. சாச்சுரேஷன் ரொம்ப தாமதமாத்தான் சொல்லும், நல்லா ப்ரீஆக்சிஜனேட் பண்ணினவங்கள்ல பல நிமிஷம் 100-லயே நிக்கும், உள்ள ஒரு சொட்டு காத்து போகலன்னாலும்.

அடுத்தது வென்டிலேட்டர், இதப்பத்தி நான் கொஞ்சம் அழுத்தி சொல்லணும்னு நினைக்கிறேன், ஏன்னா மெஷின்லயே இருக்கு, யாரும் தொடறதில்ல. பிரஷர் கண்ட்ரோல் மோடுல 15 சென்டிமீட்டர் வாட்டர் வச்சு, ரேட் 12 வச்சு, ரெண்டு கையாலயும் மாஸ்க்க பிடிங்க. அழுத்தம் நீங்க வச்ச எல்லைய தாண்டாது, ஒவ்வொரு மூச்சும் ஒரே மாதிரி மெதுவா போகும். வயித்துக்கு காத்து போற பிரச்சனை அழுத்தம் 20-ஐ தாண்டும்போது நல்லாவே கூடுதுங்கறதும், 15 வாக்குல நுரையீரலுக்கு போதுமான காத்து போயும் வயிறு அதிகம் ஊதறதில்லங்கறதும் அல்ட்ராசவுண்ட் வச்சு பாத்த ஆய்வுகள்லயே வந்திருக்கு. கையால அழுத்தும்போது இந்த எல்லைக்குள்ள நிக்கறது அனுபவசாலிக்கே சிரமம். உங்களுக்கு உதவிக்கு ஆள் இருந்தா அவர் பேக் அழுத்தலாம், நீங்க ரெண்டு கையால மாஸ்க் பிடிக்கலாம், அதுவும் நல்ல வழிதான், ஆனா ஆள் இல்லாத நேரத்துல அந்த ரெண்டாவது ஆள் வேலைய வென்டிலேட்டர் செய்யும். டைடல் வால்யூம் (ஒரு மூச்சுல போற காத்தோட அளவு) ஸ்கிரீன்ல நம்பரா வரும், உள்ள போனதுக்கும் வெளிய வந்ததுக்கும் வித்தியாசத்த பாத்தா கசிவு எவ்வளவுன்னும் கணக்கு தெரிஞ்சிடும். வால்யூம் கண்ட்ரோல் மோடு மட்டும் இதுக்கு வேண்டாம், வழி அடைச்சிருந்தா குறிப்பிட்ட அளவ தள்ளியே தீரணும்னு அழுத்தத்த ஏத்திடும். 15-ல காத்து போகலன்னா முதல்ல தாடைய தூக்கறத சரி பண்ணுங்க, ஏர்வே போடுங்க, அப்பறம்தான் அழுத்தத்த கொஞ்சம் கூட்டணும்.

கை பிடிப்ப பத்தி சொல்லாம கருவிகள ஒப்பிட முடியாது. ஒத்தக்கை பிடிப்புல கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க் மேல, மத்த மூணு விரலும் தாடை எலும்புக்கு அடியில, இத எல்லாரும் முதல் நாளே கத்துக்கறோம். இதுல மாஸ்க்க இடது கையால பிடிக்கறதால கசிவு பெரும்பாலும் பேஷன்ட்டோட வலது கன்னத்துப் பக்கம்தான் வரும், அங்க உங்க விரல் எட்டாது. அதுக்காக மாஸ்க்க முகத்துல அமுக்கினா தாடை பின்னாடி போய் வழி இன்னும் அடைஞ்சிடும், முகத்த மாஸ்க்குக்குள்ள தூக்கி கொண்டு வரணும். விரல் தாடைக்கு அடியில இருக்கற மெத்து மெத்துன்னு இருக்கற சதைய அழுத்தாம எலும்பு மேல இருக்கணும், குழந்தைங்கள்ல இது இன்னும் முக்கியம், அந்த சதைய அழுத்தினா நாக்கு மேல எழும்பி வழிய அடைச்சிடும். ரெண்டு கை பிடிப்புல ரெண்டு கட்டைவிரல் மேட்டையும் மாஸ்க்கோட ரெண்டு பக்கமும் நீளவாக்குல வச்சு, மத்த விரல்களால தாடையோட கோணத்த பிடிச்சு முன்னாடி தள்ளுங்க. ஒத்தக்கை பிடிப்போட ஒப்பிட்டா இதுல டைடல் வால்யூம் அதிகமா போகுதுன்னு ஆய்வுகள் காட்டுது, கையும் சீக்கிரம் சோர்ந்து போகாது.

மாஸ்க்ல பழைய கறுப்பு ரப்பர் மாஸ்க் முகத்தோட வடிவத்துக்கு அருமையா உக்காரும், ஆனா உள்ள வாந்தி வந்தாலும் உதடு நீலமானாலும் தெரியாது, அதனால எனக்கு அதுல விருப்பம் இல்ல. இப்ப பரவலா இருக்கற டிரான்ஸ்பரென்ட் பிளாஸ்டிக் மாஸ்க்ல காத்து நிரப்பற குஷன் இருக்கும், அத கல்லு மாதிரி ஊதாதீங்க, கொஞ்சம் தளர்வா இருந்தாத்தான் மூக்கோட ரெண்டு பக்க பள்ளத்துலயும் படியும். சைஸ் பாக்க, மேல் விளிம்பு மூக்குத்தண்டுல, கீழ் விளிம்பு உதட்டுக்கும் தாடை நுனிக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல உக்காரணும். கண்ணுல ஏறினா கண்ணுக்கு அழுத்தம், தாடைய தாண்டினா கசிவு. பல் இல்லாதவங்களுக்கு கன்னம் உள்ள குழிஞ்சு போறதால ரெண்டு பக்கமும் கசியும், கழட்டற பல்செட் உறுதியா நிக்கறதா இருந்தா மாஸ்க் வென்டிலேஷன் முடியற வரைக்கும் வாயிலயே விட்டு வைக்கலாம், இல்லன்னா மாஸ்க்கோட கீழ் விளிம்ப கீழ் உதட்டுக்கு மேல ஈறு பக்கமா தூக்கி வச்சு பாருங்க, எளிமையான வேலை, நல்லா கை குடுக்கும். தாடி வச்சவங்களுக்கு முகத்துல ஒட்டற டிரான்ஸ்பரென்ட் டிரெஸ்ஸிங்ல மூக்குக்கும் வாய்க்கும் ஓட்டை போட்டு ஒட்டலாம், ஜெல் தடவலாம், முன்கூட்டியே பேசி தாடிய எடுத்துக்க சம்மதிச்சா அதவிட நல்லது. மூக்குக்கு மட்டும் வைக்கற மாஸ்க் வச்சு வாய மூடி பிடிச்சு குடுக்கறதும் சில ஆய்வுகள்ல முழு முக மாஸ்க்க விட நல்லா வேலை செஞ்சிருக்கு, மூக்கடைப்பு இருக்கறவங்களுக்கு மட்டும் ஆகாது.

குழந்தைங்க கதை தனி. 20 கிலோவுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு ஜாக்சன் ரீஸ் சர்க்யூட் இன்னும் பல பேருக்கு பிடிச்சது. 1937-ல ஃபிலிப் அயர் கொண்டு வந்த டி-பீஸோட (T வடிவ குழாயோட) முனையில, 1950-ல ஜாக்சன் ரீஸ் வால் திறந்த ஒரு சின்ன பேக்க சேத்தார். வால்வே கிடையாது, எடை கிடையாது, எதிர்ப்பு ரொம்ப கம்மி, பேக்கோட வால விரலால மூடி திறந்து அழுத்தத்த நீங்களே வச்சுக்கலாம், குழந்தை தானா மூச்சு விடறதயும் பேக் அசையறத பாத்தே கண்டுபிடிக்கலாம். குறை என்னன்னா கேஸ் நிறைய விழுங்கும், தானா மூச்சு விடற குழந்தைக்கு அதோட நிமிஷ மூச்சு அளவப்போல 2-3 மடங்கு ஃப்ளோ வேணும், இல்லன்னா விட்ட கார்பன் டை ஆக்சைட திரும்ப மூச்சுல எடுக்கும். கை பழக்கமும் நிறைய வேணும், அப்பப்ப மட்டும் பிடிக்கறவங்க கைல இது நல்ல கருவி இல்ல. பிறந்த குழந்தைக்கு டி-பீஸ் ரிசசிடேட்டர் இருந்தா அதுதான் என் விருப்பம், உச்ச அழுத்தத்தையும் பீப்பையும் (மூச்சு வெளிய விட்ட முடிவுலயும் நுரையீரல்ல மிச்சம் நிக்கற அழுத்தம்) முதல்லயே செட் பண்ணிட்டு ஒரு ஓட்டைய விரலால மூடி மூடி எடுத்தா போதும், ஒவ்வொரு மூச்சும் ஒரே அழுத்தத்துல போகும். ஆனா அதுக்கும் கேஸ் சப்ளை வேணும், ஆம்பு பக்கத்துல இல்லாம அத நம்பக்கூடாது. குழந்தைங்க ஆம்புல 40 சென்டிமீட்டர் வாக்குல திறக்கற பாப் ஆஃப் வால்வு இருக்கும், அத யாராவது பூட்டி வச்சிருக்காங்களான்னு ஒரு தடவை பாத்துடுங்க. மாஸ்க்ல டெட் ஸ்பேஸ் (விட்ட மூச்சு தேங்கி நிக்கற இடம்) கம்மியா இருக்கணும், ரெண்டெல் பேக்கர் மாஸ்க் அதுக்காகவே தட்டையா செஞ்சது, ஆனா குஷன் இல்லாததால பிடிக்க பழக்கம் வேணும், வட்டமான மெல்லிய சிலிகான் மாஸ்க் பெரும்பாலானவங்களுக்கு சுலபம். வயிறு ஊதினா குழந்தைங்க நுரையீரல் சட்டுனு அமுங்கிடும், அப்ப ஒரு சின்ன ட்யூப் போட்டு காத்த வெளிய எடுத்துட்டு தொடருங்க.

யாருக்கு கஷ்டமாகும்னு முன்னாடியே தெரியுமான்னா, ஓரளவுதான். 2000-ல வந்த ஒரு ஃபிரெஞ்சு ஆய்வுல 1502 பேர்ல 5 பர்சென்ட் பேருக்கு மாஸ்க் வென்டிலேஷன் கஷ்டமா இருந்துச்சு, 55 வயசுக்கு மேல, பிஎம்ஐ 26-க்கு மேல, தாடி, பல் இல்லாம இருக்கறது, குறட்டை, இந்த அஞ்சும் தனித்தனியா காரணமா நின்னுச்சு. அதவிட எனக்கு முக்கியமா படறது, அந்த கஷ்டமான கேஸ்கள்ல டாக்டர்கள் முன்கூட்டியே கணிச்சது 17 பர்சென்ட் மட்டும்தான். 2009-ல அமெரிக்காவுல 53,041 பேர வச்சு பாத்தப்ப சுத்தமா முடியாம போனது 0.15 பர்சென்ட், கழுத்துல ரேடியேஷன் எடுத்தவங்களுக்கு அந்த ஆபத்து ரொம்ப அதிகமா இருந்துச்சு. அதனால எல்லா கேஸ்லயும் கஷ்டம் வரும்னே தயாரா இருக்கறது நல்லது, தலைய கொஞ்சம் உயர்த்தி, பருமனானவங்கள்ல காது மட்டம் நெஞ்செலும்பு மட்டத்துக்கு வர்ற மாதிரி அடுக்கி வச்சு ஆரம்பிங்க. மாஸ்க்ல காத்து போகுதான்னு பாக்காம மசில் ரிலாக்சன்ட் (தசைய தளர்த்தற மருந்து) குடுக்கக்கூடாதுன்னு பழைய பழக்கம் ஒண்ணு இருக்கு, ஆனா ரிலாக்சன்ட் குடுத்தப்பறம் மாஸ்க் வென்டிலேஷன் சுலபமாகறதத்தான் பல ஆய்வுகள் காட்டுது, தொண்டை இறுக்கம் போயிடுது, நெஞ்சும் தளருது. காத்து போகலன்னு ரிலாக்சன்ட்ட தள்ளிப்போட்டுக்கிட்டே நிக்கறது பேஷன்ட்டோட நேரத்த வீணடிக்கறதுதான்.

ரெண்டு கை, ஏர்வே, ரிலாக்சன்ட் எல்லாம் பாத்தும் அலை வரலன்னா பேக்க மாத்தி மாத்தி பாக்காதீங்க, சீக்கிரமா ஒரு எல்எம்ஏ அல்லது ஐ-ஜெல் (தொண்டைக்குள்ள வச்சு குரல்வளை வாசல்ல பொருந்தற குழாய் கருவிகள்) போடுங்க. பிரிட்டிஷ் டாக்டர் ஆர்ச்சி பிரெய்ன் 1981-ல எல்எம்ஏவ முதல்ல போட்டு பாத்தார், இந்த வகை கருவி முகத்துல சீல் வேண்டிய தேவையையே எடுத்துடுது, தாடியோ பல்லோ கன்னமோ அதுக்கு பொருட்டே இல்ல, நாக்கையும் பேலட்டையும் தாண்டி நேரா குரல்வளை வாசல்ல உக்காருது. மாஸ்க்குக்கு ஈடு குடுக்காத முகங்கள்ல பெரும்பாலும் இது வேலை செய்யும். வயித்துல சாப்பாடு இருக்கறவங்களுக்கு அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடற ஆபத்து இருக்கு, ஆனா ஆக்சிஜன் இல்லாத ஆபத்து அதவிட பெருசு.

கடைசியா செக் பண்றது. புது சர்க்யூட், புது ஃபில்டர் மாட்டும்போது பேக்கிங் மூடியோ பிளாஸ்டிக் துண்டோ வளைவு குழாய்க்குள்ள சிக்கியிருக்கான்னு கண்ணால பாருங்க, காத்து போகலன்னா எல்லாரும் பேஷன்ட்டயே சந்தேகப்படுவாங்க, அடைப்பு மாஸ்க்குக்கு ஒரு இன்ச் மேல இருக்கும். ஆம்புவ எடுத்து பேஷன்ட் பக்க வாய உள்ளங்கையால அடைச்சு அழுத்துங்க, எதிர்க்கணும். விட்டதும் பட்டுனு விரியணும். அப்பறம் அந்த வாயில ஒரு சின்ன ரிசர்வாயர் பேக்க மாட்டி அழுத்துங்க, அது ஊதணும், விட்டதும் அதுல இருந்த காத்து வெளிய போற வாசல் வழியா போகணும், ஆம்புக்குள்ள திரும்பி வந்தா வால்வு தப்பா மாட்டியிருக்கு. கழுவி திரும்ப மாட்டற ஆம்புல இந்த தப்பு சுலபமா நடக்கும். ஆம்பு யூஸ் பண்ற நேரத்துலயும் மாஸ்க்குக்கும் வால்வுக்கும் நடுவுல கேப்னோகிராஃப் சாம்பிள் லைன மாட்டிடுங்க, ஃபில்டர்ல அதுக்கு ஒரு முனை இருக்கும், மாட்ட அஞ்சு செகண்ட் கூட ஆகாது.